ஆச்சியின் காதா, கழுத்தா: மிகைப்படுத்தி வரைந்த ஓர் உருவப்படத்தின் நிகழ்வு ஆய்வு

உருவப்படம் வரைகிறவர்களிடம் "உணர்ச்சி வேணும்னா உருவத்த மிகைப்படுத்து, கோட்டத் தைரியமா இழு" என்று சொல்லிவிடுவது சுலபம். எதை இழுப்பது, எந்தப் பக்கம் இழுப்பது, எங்கே நிறுத்துவது என்று திருப்பிக் கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. ஒரே ஆளை ஒரே இடத்தில் உட்காரவைத்து, பல விதமாக மாற்றி மாற்றி வரைந்து பார்த்ததில் எனக்குக் கிடைத்த விடையை இங்கே முழுசாக எழுதிவைக்கிறேன்.

படத்தில் இருப்பவர் என் அம்மாவின் சித்தி, எங்களுக்கு ஆச்சி. திருநெல்வேலிப் பக்கம், முக்கூடலுக்குப் பக்கத்து ஊர். எண்பதைத் தொடும் வயதில் இன்னும் பீடி சுற்றுகிறார். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சியை விவரிக்கவே வேண்டாம். வெளிச்சத்துக்காக வாசல்நடையில் உட்கார்ந்து, காலை நீட்டி, மடியில் தட்டை வைத்து, நனைத்த இலையைத் தகட்டு அளவுக்குக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, பீடியின் வாயை மடக்கி, அப்படியே அடுத்ததுக்குப் போகிற பெண்கள். ஆச்சி இதைச் சின்ன வயதிலிருந்து செய்கிறார். அந்த வேலை அவர் உடம்பில் எங்கெங்கே தங்கியிருக்கிறது என்பதுதான் இந்தப் படத்தின் விஷயமாகப் பிறகு ஆனது. தொடக்கத்தில் நான் மனதில் வைத்திருந்தது வேறு.

தொடக்கத்தில் காதுதான் இருந்தது. ஆச்சி தலைமுறைப் பெண்களுக்குச் சின்னப் பிள்ளையிலேயே காது குத்தி, ஓட்டையைப் பெரிதாக்கி, குணுக்கு என்ற கனமான வளையத்தை மாட்டிக் காது வளர்த்திருக்கிறார்கள். அப்புறம் அதில் பாம்படம் என்ற கனமான தங்கக் காதணி தொங்கும். ஆச்சியின் பாம்படம் ஒரு கல்யாணச் செலவுக்கு எப்போதோ போய்விட்டது, வளர்ந்த காது மட்டும் வெறுமனே தோளை நோக்கித் தொங்குகிறது. மிகைப்படுத்தலைத் தேடுகிற எந்த ஓவியனுக்கும் இது கண்ணில் அறையும். ஊரே சேர்ந்து உடம்பில் ஏற்கெனவே இழுத்துவைத்த வடிவம் அது. இதை இன்னும் கொஞ்சம் இழுத்தால் படம் தானாக நிற்கும் என்று யாருக்கும் தோன்றும்.

முதலில் அளவு

மிகைப்படுத்துவதற்கு முன்னால் உள்ளது உள்ளபடி வரைய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அளவு தெரியாமல் இழுத்தால் இழுத்த இடம் எது, கை தவறிய இடம் எது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. நேராகப் பார்க்கும் முகத்தில் கண் தலையின் பாதி உயரத்தில் இருக்கும் (புதிதாக வரைகிறவர்கள் அநேகமாக எல்லோரும் அதை மேலே தூக்கி வைப்பார்கள்). ஆனால் ஆச்சி நேராகப் பார்ப்பதே இல்லை, குனிந்திருக்கிறார். குனிந்த தலையை எதிரில் உட்கார்ந்து பார்த்தால் உச்சந்தலையும் நெற்றியும் பெரிதாகி, கண் பாதிக்கும் கீழே இறங்கி, மூக்கு நுனி உதட்டை மறைக்கும் அளவுக்கு வந்து, காது கண்ணைவிட மேலே ஏறிவிடும். அதாவது மனிதர்கள் உட்காரும் விதமே முகத்தின் அளவுகளை மாற்றிவிடுகிறது. இதைக் கவனித்து அளந்து போட்டாலே படத்தில் பாதி வேகம் வந்துவிடும், அப்புறம்தான் நம் பங்கு.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அளவும் மிகையும் எதிரெதிர் என்ற எண்ணம் நம் சிற்ப மரபில் கிடையாது. சிற்பிகளின் அளவுமுறையான தாலமானக் கணக்கில் முகத்தின் நீளம் ஒரு தாலம், பன்னிரண்டு அங்குலம் (இது சிற்பியின் அலகு, இன்றைய இஞ்ச் இல்லை). பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், அதாவது பத்துத் தால அளவில் உயர்ந்த வகை, மொத்தம் 124 அங்குலம். பிள்ளையாருக்கு ஐந்து தாலம். யாரை வடிக்கிறோம் என்பதைப் பொறுத்து உடம்பின் விகிதமே மாறுகிறது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் இருக்கிறது. அங்கே நாயக்கர் காலத் தூண்களில் நாகாஸ்திரத்தோடு நிற்கும் கர்ணனையும், இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவனையும் பாருங்கள். கூரான மூக்கு, துருத்தி நிற்கும் கண், முறுக்கித் திரும்பிய இடுப்பு. நிஜ உடம்பு அப்படி இருக்காது. ஆனாலும் நகமும் நரம்பும் அவ்வளவு சரியாக இருப்பதால் அந்த முறுக்கை நம் கண் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. சின்ன இடத்தில் நேர்மை, பெரிய இடத்தில் துணிச்சல். நான் வகுப்பில் அடிக்கடி சொல்வது இதைத்தான்.

நாணல் பேனா

கோட்டுப் பயிற்சிக்குத் தாமிரபரணிக் கரையில் வளரும் நாணலை வெட்டிக் காயவைத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, நடுவில் ஒரு கீறல் போட்டு, இந்தியன் இங்கில் தொட்டு வரைந்தேன். வான்கோ 1888இல் பிரான்சின் ஆர்ல் ஊரில் இருந்தபோது இதேபோல நாணல் பேனாவால்தான் ஏகப்பட்ட கோட்டோவியங்கள் போட்டார், ரெம்பிராண்டும் பயன்படுத்தியிருக்கிறார். இதில் ஒரு வசதி என்னவென்றால் மை சீக்கிரம் தீர்ந்துவிடும். பென்சிலில் ஒரு கோட்டைத் தடவித் தடவிச் சரிசெய்துகொண்டே போகலாம், நாணலில் அது முடியாது. தொட்டவுடன் கருப்பாகத் தடிமனாக வரும், கொஞ்ச தூரத்தில் வறண்டு கீறலாகும், அப்புறம் நின்றுவிடும். ஆகவே எந்த இடத்துக்குப் புது மை, எந்த இடத்துக்கு வறண்ட கோடு என்று முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும். அந்த முடிவுதான் வெளிப்பாடு.

கோடு என்று பேச்சு வந்தால் நம் ஓவியர் ஆதிமூலத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1969 காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பார்த்தால் தெரியும், அந்த ஆள் யார் என்பதை மூக்கும் கண்ணாடியும் சொல்வதற்கு முன்பே உடம்பின் சாய்வைக் கொண்டுபோகும் கோடு சொல்லிவிடுகிறது. ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலெ (1890–1918) வேறு ஜாதிக் கோடு: எலும்புக்கு எலும்பு முறியும், தோல் எங்கே இறுகியிருக்கிறதோ அங்கே கோணலாகும். அவர் ஆளை எதிரில் வைத்துக் கோட்டை மட்டும் போட்டுவிட்டு, வண்ணத்தை ஆள் போன பிறகு தனியாகப் பூசுவார். அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டேன், காரணம் மிக நடைமுறையானது: ஆச்சிக்கு வேலை இருக்கிறது, எனக்காக உட்கார்ந்திருக்க முடியாது. பீடி சுற்றும்போது நான் கோடு போடுவேன், வண்ணமெல்லாம் பாளையங்கோட்டைக்கு வந்து.

மூன்று விதமான இழுப்பு

கோட்டோவியங்கள் போதுமான அளவு சேர்ந்ததும், ஒரு நல்ல படத்தைத் தேர்ந்து அதன்மேல் டிரேசிங் தாளை விரித்து ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு அளவை மட்டும் மாற்றினேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒன்று, காதை நீட்டியது. தோளைத் தொடும் அளவுக்கு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. படம் பார்க்க நன்றாகவே இருந்தது, பொய் சொல்லவில்லை. கனமான அந்த இரண்டு வளையங்கள் முகத்துக்கு இரு பக்கமும் தொங்கி ஒரு நல்ல அமைப்பைத் தந்தன.

இரண்டு, கழுத்தை மேல்நோக்கி நீட்டியது. இத்தாலிய ஓவியர் மோடிக்லியானி (1884–1920) செய்வதுபோல. அவர் 1909 வாக்கிலிருந்து சில ஆண்டுகள் கல்லில் நீளத் தலைகளைச் செதுக்கிக்கொண்டிருந்தார், அந்தக் கல்லின் நீளம் பிறகு அவருடைய ஓவியப் பெண்களின் கழுத்துக்கு இறங்கியது. அந்தக் கழுத்து ஆச்சிக்குப் பொருந்தவே இல்லை. குனிந்த தலைக்குக் கீழே மேல்நோக்கி நீளும் கழுத்து வந்ததும் ஒரு மிடுக்கு, ஒரு சோம்பல் கலந்த அழகு வந்து உட்கார்ந்துவிட்டது. வேலை காணாமல் போனது.

மூன்று, அதே கழுத்தை, அதே அளவுக்கு, முன்நோக்கி நீட்டியது. முதுகின் மேல்பகுதியில் தொடங்கி, பிடரி வழியாக, உச்சந்தலை தாண்டி, நெற்றியில் இறங்கி, பார்வை வழியே கைவிரலில் போய் முடியும் ஒரே வளைவு. இதைப் போட்டவுடன் தாளில் ஆச்சி வந்துவிட்டார்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நீட்டிய அளவில் வித்தியாசமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாறியது திசை மட்டும்தான். மிகைப்படுத்தலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் "எவ்வளவு" என்பதையே பேசுகிறோம். என் அனுபவத்தில் "எந்தப் பக்கம்" என்பதுதான் முதல் கேள்வி. உடம்பை எது எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கமே கோட்டையும் இழுத்தால் இரண்டு மடங்குகூட மிகையாகத் தெரியாது. எதிர்ப்பக்கம் இழுத்தால் கால் பங்கு நீட்டினாலே உறுத்தும்.

யாருடைய சராசரி?

இந்த மூன்றையும் இரண்டு கூட்டத்தாரிடம் காட்டினேன். ஒன்று, ஆச்சியை ஒருமுறைகூடப் பார்த்திராத என் வகுப்புப் பிள்ளைகள். மற்றது, ஆச்சியின் வீட்டாரும் அவர் தெருக்காரர்களும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது காதுப் படம். "இதுலதான் சார் ஃபீல் இருக்கு" என்றார்கள். தெருவில் அதே படத்தைக் காட்டியபோது "யாரு இது, பழைய காலத்து ஆச்சி யாரையோ போட்டிருக்கியளா?" என்று கேட்டார்கள். கழுத்தை முன்நோக்கி நீட்டிய மூன்றாவது படத்தைக் காட்டியதும் சித்தி (ஆச்சியின் மகள்) எட்டிப் பார்த்து, "எங்க அம்மையில்லா!" என்றார். அதில் முகம் பாதிதான் தெரிகிறது, கண் தெரியவே இல்லை.

இந்த வித்தியாசம் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது, இந்த ஆய்வை எழுதவும் அதுதான் காரணம். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டைனோடு சேர்ந்து 1999இல் எழுதிய கட்டுரையில் ஒரு விளக்கம் தருகிறார். சதுரத்தை விட்டுச் செவ்வகத்தைத் தேர்ந்தெடுக்கப் பழக்கப்பட்ட எலி, பழக்கிய செவ்வகத்தைவிட இன்னும் நீளமான செவ்வகத்தைத்தான் அதிகம் விரும்பும். கலைஞனும் அதையே செய்கிறான், சராசரியிலிருந்து வேறுபடுவது எதுவோ அதை எடுத்துப் பெரிதாக்குகிறான் என்பது அவர் வாதம், சோழர் காலப் பார்வதி செப்புத் திருமேனியை உதாரணமாகக் காட்டுகிறார். கேலிச்சித்திரமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. 1980களில் சூசன் பிரென்னன் எழுதிய கணினி நிரல் ஒரு முகத்தைச் சராசரி முகத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளை மட்டும் பெருக்கிக் கோட்டுப்படம் போட்டது. அதை வைத்துச் செய்து 1987இல் வெளியான ஆய்வில், தெரிந்தவர்களின் முகத்தை அசல் கோட்டுப்படத்தைவிட மிகைப்படுத்திய படத்தில் மக்கள் சீக்கிரம் அடையாளம் கண்டார்கள்.

சரி, இந்தக் கணக்குப்படி ஆச்சியிடம் சராசரியிலிருந்து மிக விலகி நிற்பது காதுதானே? அப்படியானால் காதுப் படத்தில்தானே வீட்டார் அவரைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் சராசரியில் வளர்த்த காது கிடையாது, ஆகவே அது பெரிய வேறுபாடு. ஆச்சியின் தெருவில், ஆச்சி வயதுக்காரர்களைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அந்தக் காதுதான் சராசரி. அவர்கள் கணக்கில் காதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது அந்தக் கழுத்தின் வளைவு, வலது தோள் சற்றுத் தாழ்ந்திருப்பது, பெருவிரல் தட்டையாகியிருப்பது. அதுதான் இந்த ஒரு ஆச்சி. காதைப் பெரிதாக்கியபோது நான் ஒரு தலைமுறையை வரைந்துவிட்டேன், ஆளை வரையவில்லை. கிராமத்து முதியவர்களை வரையும் நம் படங்களில் பாதிக்கு மேல், சுருக்கமும் முண்டாசும் பாம்படமுமாக, வெளியூர்க்காரன் சராசரியிலிருந்து போடப்பட்டவை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவேதான் எல்லா முகமும் ஒரே முகமாக இருக்கிறது. வரையப்படுகிறவரின் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் எது வேறுபாடோ அதை இழுக்க வேண்டும். அது தெரிய அந்த வாசல்நடையில் போய் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை.

ஆக, கடைசிப் படத்தில் காது இயல்பான அளவிலேயே இருக்கிறது.

கேன்வாஸில்

கேன்வாஸ் 24க்கு 36 அங்குலம், அக்ரிலிக். அடிப்பூச்சு முழுக்கப் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலின் சிவப்புக்குக் கிட்ட. அந்த வளைவு கேன்வாஸின் மேல் இடது மூலையை உரசிக்கொண்டு போகும்படி உருவத்தைப் பெரிதாக வைத்தேன், தலைக்கு மேலே காற்றாட இடம் விடவில்லை.

கையில்தான் உண்மையான சிக்கல் வந்தது. மனிதக் கையின் நீளம் ஏறத்தாழ மோவாயிலிருந்து நெற்றி மேல்வரை இருக்கும். படத்தில் கையை அதைவிடப் பெரிதாக, முகத்தோடு போட்டி போடும் அளவுக்கு ஆக்க வேண்டும் என்பது திட்டம். ஆக்கியதும் பார்க்கிறவர்கள் கண் அதைப் "பெரிய கை" என்று எடுத்துக்கொள்ளாமல் "கிட்டத்தில் இருக்கிற கை" என்று எடுத்துக்கொண்டது. ஆழம் காட்டும் குறிப்புகள் படத்தில் இருக்கிறவரைக்கும் பெரிதாக்கிய எதையும் மூளை தூரக் கணக்கில் வரவு வைத்துவிடும். அதனால் ஆழத்தைக் கொன்றேன்: தரையின் சாய்வுக்கோடுகளை எடுத்து ஒரே தட்டையான நிறமாக்கினேன், தட்டை மேலிருந்து பார்ப்பதுபோல முழு வட்டமாகத் திருப்பினேன், தட்டின் நிழலை அழித்தேன், கையையும் தாடையையும் ஒரே கோடு தொட்டுக்கொண்டு போகும்படி இணைத்தேன். அப்புறம் கை பெரிதாக, வெறும் பெரிதாகவே, நின்றது. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் நாயக்கர் கால ஓவியங்களில் இதே ஏற்பாடுதான். எல்லாம் ஒரே தளத்தில், வேண்டியவன் பெரிதாக, வேண்டாதவன் சின்னதாக. தரைக்குச் சாய்வு கிடையாது, ஆகவே யார் பெரியவன் என்பதில் குழப்பமும் கிடையாது.

கோடு விஷயத்தில், எல்லாவற்றையும் கருப்பால் சுற்றிக் கட்டினால் படம் சுவர் விளம்பரம்போல ஆகிவிடுகிறது. முதுகு வளைவுக்கு மட்டும் அகலமான தூரிகையால், அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த அடர்நிறத்தில், கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. விரல்களுக்கு வறண்ட தூரிகையில் துண்டு துண்டான கோடுகள், ஓடிக்கொண்டிருக்கும் வேலை அப்படித்தான் தெரியும். மற்ற இடங்களில் கோடே போடவில்லை. இரண்டு நிறத்துக்கு நடுவே ஒரு இடைவெளி விட்டு, அடிப்பூச்சின் சிவப்பை அங்கே கோடாகத் தெரியவிட்டேன். சேலைக்கும் சுவருக்கும் நடுவில் அந்தச் சிவப்புக் கோடு தருகிற சூட்டை மேலே பூசி வாங்க முடியாது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1905இல் வரைந்த படத்தில் தன் மனைவி முகத்தின் நடுவே ஒரு பச்சைப் பட்டை இழுத்தாரே, அந்தத் துணிச்சலை நம்பி, தாடையின் நிழலுக்குக் காய்ந்த பீடி இலையின் பச்சையைப் போட்டேன்.

கண்தான் கடைசி. நம் ஊரில் சுதையில் செய்த இசக்கியம்மனுக்கு விழி பிதுங்கக் கண் வைப்பார்கள், அதைக் கடைசியில்தான் திறப்பார்கள். அதே கோயிலில் சுடலைமாடன் முகமே இல்லாமல் மேலே குறுகிப்போகும் பீடமாக நிற்பார், யாரும் அவரை அடையாளம் தெரியாமல் விட்டதில்லை. இந்த இரண்டில் எனக்குத் துணையானது சுடலைமாடன்தான். இமை மூடிய வடிவமாகவே விட்டேன். ஆச்சியின் பேரன் "ஆச்சி தூங்குதாவளா?" என்று கேட்டான், கேட்டது நியாயம். தூங்கும் இமையின் கீழ்விளிம்பு தளர்ந்து வளைந்திருக்கும், பார்க்கும் இமையின் விளிம்பு இறுகியிருக்கும். அந்த ஒரு விளிம்பை நேராக்கி, கையிருக்கும் பக்கம் சற்றுச் சாய்த்ததும் தூக்கம் போய்விட்டது.

ஆச்சி சொன்னது

வயதான ஒருவரின் கூனலையும் தேய்ந்த விரலையும் பெரிதாக்கிக் காட்டுவதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. கேலிச்சித்திரம் வேறுபாட்டைப் பிடித்துச் சிரிக்க வைக்கும். நாம் செய்வது அதே கருவியால்தான் என்பதால், வரையப்பட்டவர் அதை எப்படிப் பார்க்கிறார் என்று கேட்காமல் வெளியே காட்டக் கூடாது. முடித்த படத்தை எடுத்துக்கொண்டு போய் முதலில் ஆச்சியிடம்தான் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "கை சரியாத்தான் இருக்குய்யா. காதுதான் மூளியாக் கெடக்கு. படத்துலயாவது ஒரு பாம்படத்தப் போட்டுவிடேன்" என்றார்.

பெரிய படத்தில் போட்டால் கண் உடனே அங்கே போய்விடும், கழுத்து வளைவு செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டதும் நியாயம். அதனால் நாணல் பேனாவில் தனியாக ஒரு சின்னப் படம் போட்டேன், நிமிர்ந்த தலை, இரண்டு காதிலும் பாம்படம். அது அவர் வீட்டில் இருக்கிறது. பெரிய படத்தைக் காட்சிக்கு வைக்கவும் சம்மதித்துவிட்டார்.

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் போட்டோவை வைத்துச் செய்யலாமா என்று கேட்பீர்கள். செல்போனைக் கைநீளத்தில் பிடித்து எடுத்த முகத்தில் மூக்கு பெருத்து, காது பின்னால் போய், நெற்றி உருண்டுவிடும். கிட்டத்திலிருந்து எடுப்பதால் வரும் மிகை அது, அந்த ஆளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதன்மேல் நீங்கள் இன்னொரு மிகையை ஏற்றினால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. போட்டோ வேண்டுமென்றால் ஆறேழு அடி தள்ளி நின்று எடுங்கள், அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் இழுப்பது என்பதை எதிரில் உட்கார்ந்து போட்ட கோட்டோவியத்திலிருந்து எடுங்கள்.